அந்த நாள் ராஜன்

மறைந்த சிவாஜி கணேசனின் 'அந்த நாள்' (1954) படத்தை மறுபடி பார்த்தேன். எஸ். பாலச்சந்தர் இயக்கியது, பாட்டே கிடையாது. 1943இல் ஜப்பான் சென்னை மேல் குண்டு போட்ட சமயம். ரேடியோ இன்ஜினீயர் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். ஜப்பானின் உளவாளி அவன். தன் கண்டுபிடிப்பை அரசாங்கம் மதிக்கவில்லை என்ற கோபம். வாத்தியாராக இருந்தவனுக்கு அந்தக் கோபம் புரிகிறது. ஆதரவில்லாமல் வாடிய கெட்டிக்காரப் பிள்ளைகளைத் திருவக்கரைப் பக்கம் பார்த்திருக்கிறேன்.

ஆனால் உஷா என்ன பாவம் செய்தாள்? தேசபக்தி உள்ளவள் என்று தெரிந்தே கட்டிக்கொண்டு, கூடவே சாப்பிட்டுச் சிரித்து, மறைத்தானே! எங்கள் ஊர்க் கல்மரம் மாதிரி: பார்த்தால் மரம், தொட்டால் கல். நாட்டைக் காட்டிக்கொடுத்ததைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. பண்டரிபாய் சிவாஜியையே மிஞ்சிவிட்டார் என்பேன். ரசிகர்கள் கோபிக்க வேண்டாம்.