தண்ணீர் குடிக்க வந்த மான்



போன மாசி மாதம் மாமா மகள் கல்யாணத்துக்காக நாங்கள் கூடலூர் போனோம். மறுநாள் மாமா எங்களை முதுமலைக்குக் கூட்டிட்டுப் போனார். முதுமலை நீலகிரி மாவட்டத்தில் இருக்கிறது. 1940இல் சரணாலயம் ஆனது. 2007இல் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். 2023இல் ஆஸ்கர் விருது வாங்கிய யானைப் படம் அங்குள்ள தெப்பக்காடு முகாமில் எடுத்ததுதான்.

தெப்பக்காட்டில் டிக்கெட் வாங்கி வனத்துறை வேனில் ஏறினோம். டிரைவர் அண்ணன், "சத்தம் போடக்கூடாது, கீழே இறங்கக்கூடாது, எதையும் தூக்கி எறியக்கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். என் தம்பி உடனே வாயைப் பொத்திக்கொண்டான்.

காடு பச்சைப் பசேல்னு இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் தேக்கு மரமெல்லாம் இலை உதிர்ந்து மொட்டையாக நின்றது. புல் காய்ந்து கிடந்தது. நம்ம ஜவ்வாது மலை பங்குனியில் எப்படி இருக்குமோ அதே மாதிரி. எனக்கு ஏமாற்றமா போச்சு. அதற்கு டிரைவர் அண்ணன், "இப்பதான் பாப்பா மிருகம் நல்லா தெரியும். இலை இல்ல, மறைவு இல்ல. குட்டையெல்லாம் வத்திப்போச்சு. தண்ணி இருக்கிற இடத்துக்கு எல்லாம் வந்துதானே ஆகணும்" என்றார். ரொம்ப வறண்டால் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து காட்டுத் தொட்டிகளில் ஊற்றுவார்களாம்.

ஆப்பிரிக்காவிலும் இப்படித்தான் என்று எங்கள் அறிவியல் டீச்சர் பிறகு சொன்னார். தான்சானியா நாட்டில் தாரங்கிரே என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. ஜூன் முதல் அக்டோபர் வரை அங்கே மழை இருக்காது. அப்போது யானை, வரிக்குதிரை எல்லாம் தாரங்கிரே ஆற்றைத் தேடி வந்துவிடும்.

ஒரு திருப்பத்தில் வேன் நின்றது. கீழே மாயாறு. இருபதுக்கு மேல் புள்ளிமான்கள். எல்லாம் ஒரே நேரத்தில் குடிக்கவில்லை. நாலைந்து குனிந்து குடிக்க, மற்றவை காதை நிமிர்த்திச் சுற்றிப் பார்த்தன. மரத்திலிருந்து ஒரு மந்தி கத்தியதும் எல்லாம் தலையைத் தூக்கின. கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகுதான் மறுபடி குனிந்தன. ஒரு வாய் தண்ணிக்கு இவ்வளவு பயம்!

வேனில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அழுகை வந்தது. காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்தத் தாளில்தான் முதல் முறையாக எழுதுகிறேன்.

போன வருஷம் பங்குனியில் எங்க ஊர் ஓடை வத்திப்போச்சு. சாமைக் கொல்லைக்குக் கீழே ஒரு ஊத்தில் மட்டும்தான் தண்ணி. நானும் தம்பியும் ஆடு மேய்க்கப் போனப்ப ஒரு மானும் அதன் குட்டியும் அங்கே வந்தன. நாங்கள் விளையாட்டுக்குக் கூச்சல் போட்டுக் கல்லை எறிந்தோம். முதல் கல் நான் எறிந்ததுதான். இரண்டும் ரோட்டுப் பக்கம் ஓடின. நாங்கள் சிரித்தோம். மறுநாள் காலையில் அந்தக் குட்டி ரோட்டோரம் செத்துக் கிடந்தது. உடம்பெல்லாம் நாய் கடித்த காயம். "நாய்தானே கடிச்சது, நாம இல்லையே" என்றான் தம்பி. நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன். முதுமலையில் அந்த மான்களைப் பார்த்தபிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை. அங்கே தண்ணி ஊத்துறாங்க. நான் தண்ணி குடிக்க வந்ததை விரட்டினேன்.

இப்போ மறுபடியும் பங்குனி. நானும் தம்பியும் மத்தியானமே ஆட்டுக்குத் தண்ணி காட்டி ஓட்டிட்டு வந்துடுறோம். பொழுது சாஞ்சா ஊத்துப் பக்கம் போறதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊத்து ஓரத்து ஈரமண்ணில் மான் குளம்படி இருந்தது. தம்பிதான் முதலில் பார்த்தான். சத்தம் போடாமல் என் கையைப் பிடித்துக் காட்டினான்.

நண்பர்களே, உங்க ஊரிலும் இப்படி ஒரு ஊத்து இருக்கும். மழை வரும் வரைக்கும் சாயங்காலத்தில் அங்கே நாயைக் கூட்டிட்டுப் போகாதீங்க. கல் எறியாதீங்க.



இப்படிக்கு,
9ஆம் வகுப்பு மாணவி