பருவம் முழுதும் பதினொருவர்

கால்பந்துப் போட்டிகள் பொதுவாக இரண்டு முறைகளில் நடத்தப்படுகின்றன. தோற்ற அணி அன்றோடு வெளியேறிவிடும் ‘நாக்-அவுட்’ ஒரு முறை. பிரிவிலுள்ள ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் மோதி, சேர்த்த புள்ளிகளின் கூட்டுத்தொகைப்படி வரிசையில் இடம்பெறும் ‘லீக்’ மற்றொரு முறை. முன்னது ஓர் அணியின் மிகச் சிறந்த நாளைத் தேடுகிறது. பின்னது அதே அணியின் சாதாரண நாள் எப்படிப்பட்டது என்பதை மாதக்கணக்கில் அளந்து பார்க்கிறது. பெங்களூரு நீலசந்திராவிலும் அதை ஒட்டிய ஆஸ்டின் டவுன், விவேக் நகர்ப் பகுதிகளிலும் சிறிய குழுக்களை நடத்தும் பயிற்சியாளர்களின் வேலையில் பெரும்பகுதி, முதல் முறையில் வளர்ந்த பையன்களை இரண்டாவது முறைக்குப் பழக்குவதுதான்.

லீக் என்ற ஏற்பாடே ஒரு நடைமுறைத் தொல்லையிலிருந்து பிறந்தது. இங்கிலாந்தில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியிருந்த கழகங்கள், ஒப்புக்கொண்ட ஆட்டங்கள் கடைசி நேரத்தில் கைவிடப்பட்டதால் வருமானம் இழந்து தவித்தபோது, ஆஸ்டன் வில்லா கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மெக்கிரிகர் முன்வைத்த யோசனைப்படி 1888இல் 12 கழகங்கள் ஒரு நிலையான அட்டவணைக்குக் கட்டுப்பட்டன. நீள்வட்டப் பந்தைக் கையாலும் காலாலும் ஆடும் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்திலும் 1897இல் 8 கழகங்களோடு விக்டோரியா லீக் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் அந்த விக்டோரியா மாநிலத்துச் சிற்றூர்களில் குளிர்காலச் சனிக்கிழமைகள் இன்றும் உள்ளூர் லீக்குகளின் அட்டவணைப்படியே கழிகின்றன. ஆட்டம் எதுவாயினும் லீக் முதலில் கேட்பது ஒன்றே: குறித்த நாளில், குறித்த நேரத்தில், பதினொருவரோ பதினெண்மரோ, முழு அணியும் வந்து நிற்க வேண்டும்.

பெங்களூரில் இவ்வாட்டம் வேரூன்றிய வரலாறு தமிழர் குடியேற்றத்தோடு பின்னிக் கிடக்கிறது. 1809இல் ஆங்கிலேயர் அமைத்த கண்டோன்மென்டைத் தொடர்ந்து படையினரும் பணியாளரும் வணிகருமாக வந்த தமிழர்கள் அல்சூரிலும் அதைச் சுற்றிய குடியிருப்புகளிலும் தங்கினர். படைப்பிரிவுகள் ஆடிய பந்து காலப்போக்கில் தெருக்களுக்கும் வந்துசேர்ந்தது. 1937இலும் 1938இலும் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையைப் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி வென்றது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக, ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோலை அடித்த சாரங்கபாணி ராமன் இந்நகர் தந்த ஆட்டக்காரர். அதே அணியில் ஆடிய அகமது கானும், இந்தியா நான்காம் இடம் பெற்ற 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆடிய கெம்பையாவும் பெங்களூர்க்காரர்களே. 

இத்திறமையைப் பல பத்தாண்டுகள் தாங்கி நின்றவை பொதுத்துறை நிறுவனங்கள். ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். போன்றவை விளையாட்டு ஒதுக்கீட்டில், அதாவது ஆட்டத் திறனுக்காகவே, வேலை கொடுத்து அணிகளை வளர்த்தன. முதல் ஃபெடரேஷன் கோப்பையை 1977இல் ஐ.டி.ஐ. வென்றது, எச்.ஏ.எல். 2010–11 பருவத்தில், நாட்டின் அன்றைய உச்ச லீக்கான ஐ-லீக்கிற்கே முன்னேறியது. பிற்பகலில் ஆட்டம் என்றால் நிறுவனமே விடுப்பு தந்தது, மாதச் சம்பளமும் குறையவில்லை. அந்த வேலைவாய்ப்புகள் சுருங்கியபோது, லீக்கின் கீழ்ப் பிரிவுகளில் ஆடும் சிறு குழுக்கள் தங்கள் ஆட்டக்காரர்களின் வயிற்றுப்பாட்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டிய நிலை வந்தது.

பெங்களூரின் மாவட்ட லீக் பல அடுக்குகள் கொண்டது. ‘சி’, ‘பி’, ‘ஏ’ என்று ஏறி ‘சூப்பர் டிவிஷன்’ எனப்படும் உச்சப் பிரிவை அடையும் இந்த ஏணியில், முன்னணியில் முடிப்பவை மேலே செல்வதும் கடைசியில் முடிப்பவை கீழே இறங்குவதும் விதி. அசோக் நகரிலுள்ள பெங்களூரு கால்பந்து அரங்கம் நீலசந்திராவிலிருந்து தொலைவில் இல்லை. ஆயினும் தெரு ஆட்டத்திலிருந்து அந்த அரங்கத்துக்குள் காலெடுத்து வைப்பவர் ஆட்டத்தின் இலக்கணத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குடியிருப்புகளுக்கு நடுவிலுள்ள குறுகிய செம்மண் திடல்களில் ஐவர், எழுவர் ஆட்டங்களே பெரிதும் நடக்கின்றன. அங்கே வளர்பவருக்குப் பந்தைக் காலடியிலேயே ஒட்டவைத்து எதிராளியை ஏமாற்றும் ‘டிரிபிளிங்’ இயல்பாக வருகிறது. இடம் குறைவு என்பதால் முடிவெடுக்கும் வேகமும் கூடுகிறது. ஆனால் ஏறத்தாழ 100 மீட்டர் நீளமுள்ள முழுத் திடலில், 90 நிமிட ஆட்டத்தில், ஒருவர் பந்தைக் காலில் வைத்திருக்கும் நேரம் மொத்தமே சில நிமிடங்கள்தான். எஞ்சிய நேரமெல்லாம் பந்தில்லாமல் எங்கே நிற்பது என்பதே ஆட்டம். பின்வரிசைக்கும் நடுவரிசைக்கும் இடையே உள்ள தூரத்தைக் குலையாமல் காப்பது, பந்து வலப்புறம் இருக்கும்போது இடப்புறத்தவர் உள்ளே ஒதுங்குவது, தாக்குதல் தொடங்கியதும் ஓரக்கோடு வரை விரிந்து எதிரணியை இழுத்துப் பிரிப்பது ஆகியவை கைதட்டல் வாங்காத வேலைகள். திடலைச் சுற்றி நின்று ஒவ்வொரு ஏமாற்றுக்கும் ஆரவாரம் செய்யும் கூட்டத்தின் முன் வளர்ந்த பையனுக்கு, யாரும் கவனிக்காத இந்த உழைப்பில் ருசி ஏற்படுத்துவதே பயிற்சியாளர் முன்னுள்ள கடினமான பாடம். இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட, பந்தைத் தொடுவதற்கு எண்ணிக்கை வரம்பு வைத்து ஆடச்செய்தல் விரைவில் பயன் தருகிறது. இரண்டு தொடுதலுக்குள் பந்தைத் தள்ளிவிட வேண்டும் என்றால், அதை வாங்கத் தோதான இடத்துக்கு மற்றவர்கள் தாமாகவே நகரத் தொடங்கிவிடுகிறார்கள்.

அணியைத் தேர்ந்தெடுப்பதிலும் திறமை மட்டும் அளவுகோலாவதில்லை. ஆட்டங்கள் வேலை நாட்களின் பிற்பகலிலும் நடைபெறுவதால், கல்லூரி மாணவர், உணவு விநியோகம் செய்பவர், பெயின்டர், கடை ஊழியர் என்று கலந்திருக்கும் குழுவில் யார் எந்நாள் வர முடியும் என்பது, யார் எவ்வளவு நன்றாக ஆடுவார் என்பதற்கு இணையான கேள்வியாகிறது. ஆகவே அனுபவமுள்ளவர்கள் ஒவ்வோர் இடத்துக்கும் இருவரைச் சோடியாக வைத்து, ஒருவர் கல்லூரியைச் சார்ந்தவராகவும் மற்றவர் வேலை நேரத்தைத் தாமே அமைத்துக்கொள்பவராகவும் இருக்குமாறு பார்த்துக்கொள்கிறார்கள். தேர்வுக்காலம் முதலாமவரையும் பண்டிகைக்கால வேலை நெருக்கடி இரண்டாமவரையும் இழுத்துக்கொண்டாலும், இரண்டும் ஒரே வாரத்தில் வருவது அரிது. பருவத்தின் தொடக்கத்தில் பதிவேட்டில் சேர்க்கப்பட்டவர் மட்டுமே களமிறங்கலாம் என்பதால், இந்தக் கணக்கை முதல் ஆட்டத்துக்கு முன்பே போட்டு முடிக்க வேண்டும்.

திடலும் வானிலையும் அடுத்த கவலைகள். அரங்கத்திலுள்ளது செயற்கைப் புல்தரை. அதன் இழைகளுக்கிடையே ரப்பர் துகள்கள் நிரப்பப்பட்டிருக்கும். அதில் பந்து மண்தரையைவிட ஒழுங்காகவும் வேகமாகவும் ஓடுகிறது, மழையில் இன்னும் வழுக்கிச் செல்கிறது, வெயிலில் தரை காலைச் சுடுகிறது. நீளமான குமிழ்கள் கொண்ட காலணி இதில் அழுத்தமாகப் பதிந்துவிட, உடல் திரும்பினாலும் பாதம் திரும்பாமல் முழங்காலும் கணுக்காலும் பாதிக்கப்படக்கூடும். அதனால் குட்டையான, எண்ணிக்கையில் மிகுந்த குமிழ்கள் கொண்ட காலணியே பரிந்துரைக்கப்படுகிறது. செம்மண்ணில் பயின்று செயற்கைத் தரையில் ஆடும் குழுவுக்குத் தொடக்க நிமிடங்களில் பந்தின் வேகமே எதிரியாகிவிடுகிறது. அந்நேரத்தில் நீண்ட பாஸ்களைத் தவிர்த்துக் காலுக்குக் காலாகக் கொடுத்து வாங்கச் சொல்வது, அந்தத் தரைக்குப் பழக அவகாசம் தேடுவதே.

புள்ளிக் கணக்கு ஒரு தனிக் கலை. வெற்றிக்கு 3, சமனுக்கு 1, தோல்விக்கு 0 என்ற முறையில், மூன்று ஆட்டங்களைச் சமன் செய்த அணி 3 புள்ளியோடு நிற்க, இரண்டை வென்று ஒன்றைத் தோற்ற அணி 6 புள்ளி பெறுகிறது. புள்ளிகள் சமமானால், அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்த கோல் வித்தியாசம் பல லீக்குகளில் வரிசையைத் தீர்மானிக்கிறது. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்திலோ வெற்றிக்கு 4 புள்ளி. அங்கே புள்ளிகள் சமமானால் ‘சதவீதம்’, அதாவது எடுத்ததைக் கொடுத்ததால் வகுத்து நூறால் பெருக்கிய எண், பார்க்கப்படுகிறது. 80 எடுத்து 40 கொடுத்த அணிக்கு 200, 120 எடுத்து 80 கொடுத்த அணிக்கு 150 என்று வருவதால், வித்தியாசம் ஒன்றாயினும் குறைவாகக் கொடுத்தவரையே அது உயர்த்துகிறது. கழித்தல் கணக்கில் அத்தகைய சலுகை இல்லை. நான்கு கோல் பின்தங்கிய அணி வாங்கும் ஐந்தாவது கோலும் முதல் கோலுக்கு நிகரான இழப்பே. கைவிட்டுப் போன ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடங்களைச் சிரத்தையாக ஆடும் குழு, பருவ முடிவில் இறங்குமுகத்திலிருந்து தப்புவதற்கு இதுவே காரணமாகலாம். அதேபோல் தோல்வி எரிச்சலில் வாங்கும் மஞ்சள் அட்டைகள் சேர்ந்து, வெல்லக்கூடிய அடுத்த ஆட்டத்தில் ஒருவரை வெளியே உட்கார வைத்துவிடுகின்றன.

சிறு குழுவுக்கு நல்ல பருவமும் ஒரு சோதனைதான், ஏனெனில் மின்னிய ஆட்டக்காரரை மேல்பிரிவுக் கழகங்கள் அழைத்துக்கொள்கின்றன. 1968–69க்குப் பின் 54 ஆண்டுகள் காத்திருந்து, 2023 மார்ச்சில் ரியாதில் மேகாலயாவை 3–2 என்று வென்று மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையைக் கர்நாடகம் மீட்டது. அத்தகைய மாநில அணிகளுக்கு ஆள் சேர்வது மேலிருந்து அல்ல, சிறு குழுக்கள் இப்படி ஆண்டுதோறும் இழப்பதிலிருந்துதான். ஆதலால் ஒரு பயிற்சியாளரின் பருவத்தை மதிப்பிட, தரவரிசையைவிட நம்பகமான அளவு ஒன்று உண்டு. ஏறவும் வழியின்றி இறங்கவும் அச்சமின்றி, இடம் முன்பே உறுதியாகிவிட்ட நிலையில் வரும் கடைசி ஆட்டத்துக்கு, அரைநாள் கூலியை விட்டு எத்தனை பேர் வந்து சேர்கிறார்கள் என்பதே அது. பதினொருவரும் மாற்று ஆட்டக்காரர்களும் அன்று வந்துவிட்டால், யார் விலகிச் சென்றாலும் அடுத்த பருவத்துக்கு ஒரு குழு இருக்கிறது என்று கொள்ளலாம்.