பிக்கப் வண்டிக்கு எந்த பிரேக் பேட், எந்த டிஸ்க்?

அமெரிக்காவில் பிக்கப் டிரக் என்பது சரக்கு வண்டி மட்டும் இல்லை, பாதி வீட்டு வண்டி. ஃபோர்டின் எஃப் சீரிஸ் 1977-இலிருந்து அங்கே அதிகம் விற்கும் டிரக். வாங்குபவர்கள் அதற்குப் பெரிய டயர் போடுவார்கள், உயரத்தைக் கூட்டுவார்கள், சத்தம் போடும் சைலன்சர் மாட்டுவார்கள். பிரேக்கைப் பற்றி மட்டும், அது 'கீச்' என்று கத்தும் வரைக்கும் யாரும் நினைப்பதில்லை! அது கத்தியபின் கடைக்குப் போனால் நாற்பது டாலர் பேட் முதல் நானூறு டாலர் 'டோயிங் கிட்' வரை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். துளை போட்ட டிஸ்க், கோடு போட்ட டிஸ்க், செராமிக், செமி மெட்டாலிக்... எதை எடுப்பது?

பிரேக் உண்மையில் செய்யும் வேலை என்ன என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வண்டியின் ஓட்டத்தைச் சூடாக மாற்றுவதுதான் அதன் வேலை. 2,700 கிலோ எடையுள்ள பிக்கப் ஒன்று 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 10 லட்சம் ஜூல் சூடு வெளிவரும். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர இவ்வளவு சூடு போதும். நான்கைந்து நொடிக்குள்! இதில் ஏறக்குறைய எழுபது சதவீதம் முன்சக்கரங்களின் மேல் விழும், ஏனென்றால் பிரேக் போட்டதும் எடை முன்னால் சாய்கிறது. முன் டிஸ்க் ஒன்று 12 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒருமுறை நிறுத்துவதில் அதன் சூடு கிட்டத்தட்ட 60 டிகிரி ஏறும். ஆறவிடாமல் பத்துமுறை நிறுத்தினால்? கணக்கு அவரவரே போட்டுக்கொள்ளலாம்.

சமதரையில் இது பெரிய பிரச்சினை இல்லை. மலையில்தான் கதை மாறுகிறது. கொலராடோவில் டென்வருக்கு மேற்கே ஐ-70 நெடுஞ்சாலை ராக்கி மலையை ஐசன்ஹோவர் சுரங்கத்தின் வழியே கடக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 3,300 மீட்டருக்கும் மேலே இருக்கும் சுரங்கம் அது, 1973-இல் திறந்தார்கள். அங்கிருந்து மேற்கே சில்வர்தோர்ன் ஊருக்கு இறங்கும்போது 600 மீட்டருக்கு மேல் உயரம் குறைகிறது. 2,700 கிலோ பிக்கப் பின்னால் 3,000 கிலோ கேம்பிங் டிரெய்லரை இழுத்துக்கொண்டு இதில் இறங்கினால், வேகம் கூடாமல் பார்த்துக்கொள்வதற்கே 3 கோடி ஜூலுக்கு மேல் எங்காவது போயாக வேண்டும். காற்றும் என்ஜினும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி முழுக்க பிரேக்கின் தலையில். வெறும் வண்டியை 100 கி.மீ. வேகத்திலிருந்து முப்பது முறைக்கு மேல் நிறுத்துவதற்குச் சமம் இது.

இதே ஐ-70 சாலையில், சுரங்கத்துக்குக் கிழக்கே மலை இறங்கி வரும் லேக்வுட்டில், 2019 ஏப்ரல் 25 அன்று மரம் ஏற்றி வந்த ஒரு பெரிய டிரக் நின்றிருந்த வண்டிகளின் மேல் மோதியது. 28 வண்டிகள் சிக்கின, நான்கு பேர் இறந்தார்கள். பிரேக் வேலை செய்யவில்லை என்று ஓட்டுநர் சொன்னார். அது பிக்கப் இல்லை, பல மடங்கு பெரிய வண்டி. ஆனால் சூட்டின் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

சரி, பேட் விஷயத்துக்கு வரலாம். மூன்று வகை உண்டு. ஆர்கானிக் பேட் மென்மையானது, சத்தம் வராது, விலை குறைவு, சீக்கிரம் தேயும், சூடு ஏறினால் கைவிடும். செராமிக் பேட் அமைதியானது, சக்கரத்தில் கறுப்புத் தூசி அதிகம் படியாது, நீண்ட நாள் வரும். செமி மெட்டாலிக் பேடில் இரும்புத் தூளும் இழையும் நிறைய கலந்திருக்கும். சூட்டை நன்றாகத் தாங்கும், டிஸ்கைக் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும், குளிர் காலையில் முணுமுணுக்கும், தூசியும் உண்டு. அலுவலகத்துக்கும் கடைக்கும் போய்வரும் பிக்கப்புக்கு நல்ல செராமிக் போதும். மாதம் இரண்டுமுறை டிரெய்லர் இழுப்பவர், கட்டுமானப் பொருள் ஏற்றுபவர், மலைப்பகுதியில் குடியிருப்பவர் இவர்களுக்கெல்லாம் கனரக வேலைக்கென்று செய்த செமி மெட்டாலிக்தான் சரி. ஹாக் நிறுவனத்தின் எல்டிஎஸ், சூப்பர் டியூட்டி போன்றவை இந்த வேலையை நினைத்தே செய்யப்பட்டவை. பவர் ஸ்டாப்பின் இசட்36 கிட் கார்பன் இழை கலந்த செராமிக் பேடோடு வருகிறது. ஆக 'செராமிக் என்றாலே டோயிங்குக்கு ஆகாது' என்றும் ஒரே அடியாய்ச் சொல்லிவிட முடியாது.

பெட்டியின் மேல் இருக்கும் படத்தை விட, பேடின் விளிம்பில் அச்சிட்ட சின்ன எழுத்துகளைப் படிப்பது நல்லது. அமெரிக்காவில் விற்கும் பேட்களில் இஇ, எஃப்எஃப், ஜிஜி மாதிரி இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் பிடிமானம், இரண்டாவது அதிகச் சூட்டில் பிடிமானம். இ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, எஃப் 0.35 முதல் 0.45, ஜி 0.45 முதல் 0.55. முதலில் எஃப், பிறகு இ என்று போட்டிருந்தால் சூடு ஏறியதும் அது தளர்கிறது என்று அர்த்தம். மலை இறங்குபவர் அதைத் தொடவே கூடாது. இது ஆய்வகத்தில் சின்னத் துண்டை வைத்துச் செய்யும் சோதனை என்பதால் முழு ஜாதகம் இல்லைதான். இருந்தாலும் விளம்பர வாசகத்தை விட நம்பலாம். (பக்கத்திலேயே ஏ, பி, என் என்று ஓர் எழுத்தும் இருக்கும். அது செம்பு அளவைக் குறிப்பது. பேடிலிருந்து உதிரும் செம்புத் தூசி ஓடைகளில் கலந்து சால்மன் மீன்களைப் பாதிக்கிறது என்று வாஷிங்டனும் கலிஃபோர்னியாவும் 2010-இல் சட்டம் போட்டன. 2025 முதல் அரை சதவீதத்துக்கு மேல் செம்பு கூடாது. பிரேக் போட்டால் மீனுக்குக் கேடு என்று யார் நினைத்திருப்பார்கள்!)

அடுத்து டிஸ்க். அங்கே இதை ரோட்டர் என்பார்கள். துளை போட்டது பார்க்க ரேஸ் கார் மாதிரி இருக்கும். பழைய காலத்துப் பேட்கள் சூட்டில் வாயு கக்கின, அது வெளியேற வழி வேண்டும் என்று துளை வந்தது. இன்றைய பேட்களில் அந்தத் தொல்லை பெருமளவு இல்லை. மழையில் தண்ணீர் விலக ஓரளவு உதவும், அவ்வளவுதான். துளை போடுவதென்றால் இரும்பை எடுத்துவிடுவது. சூட்டை வாங்கி வைத்துக்கொள்வதே அந்த இரும்புதான்! போதாததற்கு, அடிக்கடி கொதித்து ஆறும் டிஸ்கில் விரிசல் ஆரம்பிக்கும் இடமும் அந்தத் துளையின் ஓரம்தான். கோடு போட்டது பரவாயில்லை, பேடின் முகத்தை வழித்துச் சுத்தமாக வைக்கும். ஆனாலும் பாரம் இழுக்கும் பிக்கப்புக்கு நல்ல தரமான, கனமான, சாதாரண டிஸ்கை விடச் சிறந்தது அதிகம் இல்லை. மலிவு டிஸ்க்குகளில் உள்ளே காற்று போகும் தடுப்புகள் குறைவாகவும் தகடு மெல்லிசாகவும் இருப்பதுண்டு. கடையில் இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். மிச்சிகன், ஒஹாயோ மாதிரி குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் மாநிலங்களில் துருப்பிடிக்காத பூச்சுள்ள டிஸ்குக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் இல்லை.

பெடலை மிதித்தால் அதிர்கிறது, 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்று மெக்கானிக் சொல்வார். பெரும்பாலும் அது வளைவதில்லை. பேடின் பொருள் டிஸ்கில் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்கிறது, அல்லது ஹப்பில் துரு இருக்க அதன்மேலேயே புது டிஸ்கை மாட்டியதால் கோணலாகச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது. ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கப் பத்து நிமிடம் ஆகும். அதைச் செய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த டிஸ்க் மாட்டினாலும் சில மாதத்தில் அதே அதிர்வு திரும்ப வரும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், விற்பவர்கள் இதை உரக்கச் சொல்வதில்லை. பெடலை அழுத்தி மிதித்தால் ஏபிஎஸ் படபடக்கும் அளவுக்கு வண்டியின் பழைய பிரேக்கே வலுவாக இருக்கிறதா? அப்படியானால் புது கிட் முதல் நிறுத்தத்தின் தூரத்தைக் குறைக்காது. அங்கே எல்லை போடுவது டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பு. நல்ல பேடும் கனமான டிஸ்கும் தருவது ஐந்தாவது, பத்தாவது நிறுத்தமும் முதல் நிறுத்தம் மாதிரியே இருக்கும் என்ற உறுதியை. 32 அங்குல டயரைக் கழற்றி 35 அங்குலம் போட்டவர் கதை வேறு. சக்கரத்தின் ஆரம் கூடியதால் அதே மிதிக்கு ஏறக்குறைய ஒன்பது சதவீதம் பிடி குறைகிறது, சுற்றும் எடையும் கூடுகிறது. அவருக்கு மேம்படுத்துவது ஆசை இல்லை, தேவை.

நானூறு டாலர் செலவழிக்கும் முன் பத்து டாலர் வேலை ஒன்று இருக்கிறது: பிரேக் ஆயில். இது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு 230, 155. கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் வரும், பெடல் தரை வரைக்கும் போகும், பேட் எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அப்போது கணக்கே இல்லை. காலிப்பர் சறுக்கும் பின்கள் இறுகியிருக்கிறதா என்று பார்ப்பதும், டிரெய்லரின் சொந்த பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று சோதிப்பதும் இதே வரிசையில் வரும். 3,000 கிலோவைப் பிக்கப்பின் பிரேக் மட்டும் நிறுத்த வேண்டும் என்று யாரும் வடிவமைக்கவில்லை. இறக்கத்தில் 'டோ ஹால்' பட்டனை அழுத்திக் கீழ் கியரில் வருவதற்குக் காசே இல்லை. ஏறின கியரிலேயே இறங்கு என்று நம்மூர் லாரிக்காரர்கள் சொல்வதுதான்.

புதுசு மாட்டியபின் பழக்குவது பாக்கி. ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து மிதமாகப் பிரேக் பிடித்து, முழுக்க நிறுத்தாமல் வேகத்தைக் குறைத்து, மறுபடி எடுத்து, எட்டுப் பத்துமுறை. பிறகு கொஞ்சம் கூடுதல் வேகத்தில் இரண்டு மூன்றுமுறை அழுத்தமாக. கம்பெனிக்குக் கம்பெனி எண்ணிக்கை மாறும், பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருப்பார்கள். இதனால் பேடின் பொருள் டிஸ்கில் மெல்லிய படலமாகச் சீராகப் படியும். முடித்ததும் சூடான டிஸ்கின் மேல் பேடை இறுக்கிப் பிடித்தபடி சிக்னலில் நிற்கக் கூடாது, பிடித்த இடத்தில் திட்டு விழுந்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் காற்று வாங்க ஓட்டிவிட்டு, பிறகு நிறுத்தி ஆறவிடலாம்.