தீர்ந்த கடனும் தீராத அட்டையும்

என்னிடம் இரண்டு கடனட்டைகள் உண்டு. இரண்டிலும் இருந்த நிலுவை சென்ற மாதச் சம்பளத்தோடு முற்றாகத் தீர்ந்துவிட்டது. கடன் தீர்ந்தவன் நிம்மதியாக உறங்கவேண்டும். எனக்கோ புதியதொரு வினா எழுந்துள்ளது. இவ்வட்டைகளை மூடிவிடுவதா, வைத்திருப்பதா? சொந்த வீட்டுக் கணக்கைச் சஞ்சிகையிலே விரிப்பானேன் என்று வாசகர் கேட்கலாம். ஆசிரியர் ஓய்வறைகளிலே பலரும் தாழ்ந்த குரலிற் பேசிக்கொள்ளும் கணக்கு இது. ஆகையால், இதனை உரத்துப் பேசுவதே நன்றென எண்ணுகிறேன்.

இக்கடன் பிறந்த வரலாற்றை முதலிற் கூறவேண்டும். 2022 ஆம் ஆண்டிலே நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியது. ஏப்ரல் 12 ஆந் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் இடைநிறுத்தியது. ஆஸ்பத்திரிகளிலே மருந்துத் தட்டுப்பாடு தலைவிரித்தாடியது. என் தாயாரின் இருதய நோய்க்கு இலவசமாகக் கிடைத்துவந்த மாத்திரைகளைத் தனியார் மருந்துக்கடையிலே வாங்கவேண்டியதாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பரிலே, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆகியது. சம்பளம் அதனைத் துரத்திப் பிடிக்கவில்லை. மாதத்தின் இருபதாந் திகதிக்குப் பின்னர் எங்கள் வீட்டில் மருந்தும் பால்மாவும் அட்டையினாலேயே வாங்கப்பட்டன.

2020 ஓகஸ்டிலே மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு நூற்றுக்கு 18 என உச்சவரம்பு விதித்திருந்தது. நெருக்கடி ஆண்டிலே அவ்வரம்பு நீங்கியது; என் அட்டைகளின் வட்டி படிப்படியாக 36 வரை ஏறிற்று. ஓர் இலட்சம் ரூபா நிலுவைக்கு மாத வட்டி மாத்திரம் 3,000 ரூபா. ஆகக்குறைந்த கொடுப்பனவாக 5,000 ரூபா கட்டினால், அதில் 2,000 ரூபாவே கடனைக் குறைக்கும். 2023 ஓகஸ்டிலே 28 என்னும் உச்சவரம்பு மீண்டும் வந்தது. இடைப்பட்ட மாதங்களில் நாட்டின் நெருக்கடிக்கான வட்டியை, அதனை உண்டாக்காதவர்களே கட்டினார்கள்.

இனி வினாவுக்கு வருவோம். “அம்மாவின்ரை மருந்துக்கு அண்டைக்கு உதவினது இந்த அட்டைதானே, அதை ஏன் வெட்டுவான்?” என்பது என் மனைவியின் கேள்வி. அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நண்பரொருவரோ வேறொரு காரணம் கூறினார். அட்டையை மூடினால் கடன் வரலாறு கெட்டுவிடுமாம். பின்னர் வீட்டுக்கடன் கேட்டாற் கிடைக்காதாம்.

இவ்வறிவுரையின் பிறப்பிடம் அமெரிக்கா. 1958 இல் பாங்க் ஒவ் அமெரிக்கா, கலிபோர்ணியாவின் பிறெஸ்னோ நகரிலே, கேளாதவர்களுக்கே ஏறத்தாழ 60,000 அட்டைகளைத் தபாலில் அனுப்பிற்று. கடன்பட்டோரைத் தரம்பிரிக்கும் புள்ளிமுறையும் அந்நாட்டிலேயே வளர்ந்தது. அங்கு பெருவழக்கிலுள்ள பைகோ புள்ளியில் கடன் நிலுவைகளுக்கு நூற்றுக்கு 30, கடன் வரலாற்றின் நீளத்திற்கு 15 என்ற அளவிலே பங்குண்டு. பயன்படுத்தாத அட்டையை மூடினால் மொத்தக் கடனெல்லை சுருங்கும். ஏனைய அட்டைகளிலுள்ள நிலுவை அதற்கேற்பப் பெரிதாய்த் தோன்றும். அந்நாட்டு மாந்தர் மூடத் தயங்குவது இதனாலேதான்.

எனக்கோ வேறு நிலுவை எதுவும் இல்லை. இங்குள்ள கொடுகடன் தகவல் பணியகம் 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்தது. என் கடன்களும் அவற்றை நான் தீர்த்த விதமும் அதன் ஏட்டிலே உள்ளன; அவ்வறிக்கையை எவரும் தம் பொருட்டுப் பெறலாம். வங்கி உத்தியோகத்தர் ஒருவரை வினவினேன். வீட்டுக்கடன் கொடுக்கும்போது, செலவழிக்காத அட்டை எல்லையையும் நாளைய கடனாகக் கொண்டு தாம் கணக்கிடுவதுண்டு என்றார். அமெரிக்கருக்குப் பொருந்தும் விதி நமக்குத் தலைகீழாயும் அமையலாம்.

ஆசிரியர்கள் ஆடம்பரத்திற்காக அட்டை தேய்க்கிறார்கள் என்று ஏளனம் செய்வோரும் உளர். என் கணக்குக்கூற்றுகளிலே ஆடம்பரத்தைத் தேடிப்பார்த்தேன். மருந்து, பால்மா, பயிற்சிக் கொப்பிகள், பஸ் சேவை நின்ற நாட்களின் முச்சக்கரவண்டிக் கூலி ஆகியவையே இருந்தன. சம்பளம் போதாமையை அட்டையின் எல்லை மறைத்து வைத்தது. மறைந்திருந்தபடியால் அதைப்பற்றி நாம் ஒன்றுகூடிப் பேசவுமில்லை.

இந்நாட்டிலே கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911 இலேயே வந்துவிட்டது. ஆசிரியர்கள் சிக்கனக் கடனுதவிச் சங்கங்களிலே சந்தா கட்டி, ஒருவருக்கொருவர் பிணைநின்று கடன் பெற்றார்கள். அச்சங்கங்களை நான் பொற்காலமாக்கவில்லை. பிணைநிற்க உத்தியோகத்தர் எவரும் இல்லாத கூலித் தொழிலாளிக்கு அவற்றின் வாசல் அகலத் திறந்திருக்கவில்லை. இன்றும் வாரத் தவணைக்கு நுண்கடன் கட்டும் பெண்ணிற்கு, மூடுவதா வைத்திருப்பதா என்னும் தெரிவே கிடையாது. ஆயினும், சங்கத்திலே கட்டும் வட்டி உறுப்பினருக்கே திரும்பிவரும்.

ஆகவே முடிவு செய்தேன். பெரிய எல்லையும் ஆண்டுக் கட்டணமும் கொண்ட அட்டையை மூடுகிறேன். கத்தரிக்கோலால் வெட்டிவிட்டால் மூடியதாகாது. கடைசிக் கூற்றுக்குப் பின் சேர்ந்த வட்டியையும் தீர்த்து, எழுத்தில் விண்ணப்பித்து, நிலுவையில்லை என்னும் கடிதத்தைப் பெறவேண்டும். சில மாதங்களின் பின் பணியகத்தின் அறிக்கையிலும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மற்றைய அட்டையின் எல்லையை, தாயாரின் ஒரு மாத மருந்துச் செலவளவிற்குக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். என் மனைவியின் கேள்விக்கு நான் செலுத்தும் மரியாதை அது. வங்கிக்குக் கட்டிய மாதத் தவணை இனி எங்கள் சங்கத்திற்குப் போகும்.

இரண்டாவது அட்டையையும் மூடும் நாள் வரவேண்டும். அதற்கு என் சிக்கனம் மாத்திரம் போதாது. அரசாங்க ஆஸ்பத்திரியின் மருந்துச் சாளரத்திலே அம்மாவின் மாத்திரை தவறாமற் கிடைக்கவேண்டும். மாதச் சம்பளம் மாத முடிவு வரை நிற்கவேண்டும். அவ்விரண்டையும் தொழிற்சங்கக் கூட்டத்திலே கேட்பதற்கு, ஓய்வறையிலே தாழ்ந்த குரலிற் பேசும் நண்பர்களையும் அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன்.