படுவான்கரைக் காற்றும் பழைய மோட்டார் சைக்கிளும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதி வழியாகத் தெற்கே ஏறக்குறைய 30 கிலோமீற்றர் சென்றால் களுவாஞ்சிக்குடி. அங்கிருந்து மேற்கே திரும்பிப் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் போரதீவுப்பற்று நம்மை வரவேற்கிறது. சூரியன் எழும் கரை எழுவான்கரை, அவன் படும் கரை படுவான்கரை என்று வாவியின் இரு மருங்குக்கும் முன்னோர் இட்ட பெயர்களின் அழகே அழகு! அப்படுவான்கரையில், வயலும் தென்னையும் சூழ அமைந்த பழம்பதி பழுகாமம். திரௌபதை அம்மன் ஆலயத்துத் தீமிதிப்பு இவ்வூருக்குப் பெருமை சேர்ப்பது.

இத்தகைய ஊர்களைக் கண்டு களிக்கப் பழைய மோட்டார் சைக்கிளைப் போன்ற வாகனம் வேறில்லை. பி.எஸ்.ஏ., ரோயல் என்பீல்ட் போன்ற வண்டிகளை இன்றும் பேணுவோர் உளர். ஆனால் அவற்றில் நெடும்பயணம் செய்பவருக்குக் காற்றே முதல் எதிரி. வெயில் காலத்தில் கச்சான் அனலாக வீசும். மாரியில் வாடை மழைத்துளியை ஊசியாக முகத்தில் எறியும். அந்திப் பொழுதில் வயற்பூச்சிகள் கண்ணைத் தேடி வரும். ஆகவே, முன்னே ஒரு கண்ணாடித் தடுப்பு வேண்டுமென்ற ஆசை எழுவது இயல்பே. எதைத் தெரிந்தெடுப்பது என்பதுதான் கேள்வி.

தடுப்புகள் இருவகைப்படும். கைபிடித்தண்டில் பூட்டும் தனிக்கண்ணாடி ஒன்று. விளக்கையும் முன்பகுதியையும் சேர்த்து மூடும் ‘ஃபெயரிங்’ என்னும் முன்கூடு மற்றொன்று. 1958 ஆம் ஆண்டில் வெளிவந்த ஏரியல் லீடர் வண்டி இத்தகைய மூடிய உருவத்தையே பெற்றிருந்தது. 1976 இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் ஆர் 100 ஆர்.எஸ். வண்டியின் முன்கூட்டைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து உருவாக்கியது.

கூடு பெரிதானால் பாதுகாப்பும் பெரிது என்று எண்ணலாகாது. பந்தய வண்டிகளின் முன்சக்கரம் வரை மூடிய பெருங்கூடுகள் பக்கக் காற்றில் வண்டியைத் தடுமாறச் செய்தன. அதனால் 1958 முதல் சர்வதேசப் பந்தயங்களில் அவை தடை செய்யப்பட்டன. வாவியில் தோணி விடுவோருக்கு இவ்வுண்மை புதிதன்று: பாய் அகன்றால் காற்றின் பிடியும் அகலும்! பட்டிருப்புப் பாலத்தின் மேல், இருபுறமும் நீர்ப்பரப்பாய் விரிந்த வெளியில், குறுக்கே பாயும் காற்றுக்கு மறைப்பேது? கைபிடித்தண்டில் பூட்டிய அகன்ற கண்ணாடி அக்காற்றை வாங்கி, நேரே செலுத்துபவரின் கைகளுக்குக் கொடுத்துவிடும். வண்டியின் சட்டகத்தில் பூட்டிய கூடு கைபிடியைத் திருப்பாது; எனினும் வண்டி முழுவதையும் ஒருபுறம் தள்ளக்கூடும்.

வேகத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மணிக்கு 100 கிலோமீற்றர் விரையும் நெடுஞ்சாலையில் முன்கூடு பேருதவி. மாடுகள் குறுக்கிடும் கிராமத்து வீதியில் 40, 50 என்று செல்பவருக்கு அதன் தேவை குறைவு. மேலும், காற்றால் குளிரும் பழைய எஞ்சினுக்குக் காற்று தடையின்றிக் கிடைக்க வேண்டும். கச்சான் காலத்தில் செலுத்துபவருக்கும் அது வேண்டியதே.

எனவே, இவ்வழிப் பயணத்துக்கு நடுத்தர அளவுள்ள, எளிதில் கழற்றக்கூடிய தனிக்கண்ணாடியே உத்தமம். ஆசனத்தில் நிமிர்ந்து அமர்ந்தால் அதன் மேல்விளிம்பு மூக்கின் மட்டத்தில் நிற்கட்டும். பார்வை கண்ணாடியின் ஊடாக அன்றி, அதற்கு மேலாகச் செல்ல வேண்டும். மழைத்துளியும் பூச்சியும் படிந்த கண்ணாடியின் ஊடே, இரவில் எதிர்வரும் விளக்கொளியில் வீதியே தெரியாது. வெல்லாவெளிப் பக்கம் யானைகளும் நடமாடும் பிரதேசமாகையால் இதை அலட்சியம் செய்யலாகாது. பொருள்களில் பொலிகார்பனேட் எளிதில் உடையாது. ஆனால் பெற்றோல் பட்டால் கெடும், மணலோடு துடைத்தால் கீறும். முதலில் நிறைய நீர் விட்டுக் கழுவி, பின்னர் மென்துணியால் ஒற்றுக. வாவிக்காற்றின் உப்பைத் தாங்கத் துருப்பிடியா எஃகு ஆணிகளே தகும். பூட்டியபின் கைபிடியை இருபுறமும் முழுதாகத் திருப்பி, கம்பிகள் எங்கும் இறுகவில்லையென்று உறுதி செய்க.

வாடை பலமாக வீசும் நாளில் எந்தக் கண்ணாடியும் போதாது. பாலத்தருகே வேகத்தைக் குறையுங்கள். தேவையானால் கரையிலே சற்றுத் தரித்து நில்லுங்கள். காற்றுத் தணிந்தபின் அக்கரை சேர்ந்தால் போதும். மீன்பாடும் தேன்நாட்டில் அவசரப்பட்டுக் காண்பதற்கு என்ன இருக்கிறது?