இரட்டைச் சிகரங்களின் அடியில் ஏழு நாள்

கரீபியக் கடலில் மார்த்தினீக் தீவுக்குத் தெற்கே, ஒரு மாங்காயின் வடிவில் அமைந்திருக்கிறது செயின்ட் லூசியா. வேதசாட்சியான புனித லூசியம்மாளின் பெயரைத் தாங்கிய நாடு அது. அவரது திருநாளான டிசம்பர் 13-ஆம் நாளே அங்குத் தேசிய நாள். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறிக் கைப்பற்றிய அத்தீவு 1814-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1979-இல் விடுதலை பெற்றது. அலுவலகங்களில் ஆங்கிலம் வழங்கினாலும், சந்தையில் கேட்பது பெரும்பாலும் குவேயோல் என்னும் பிரெஞ்சுக் கலப்பு மொழியே. மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் கத்தோலிக்கர்.

திரினிடாட்டில் பணியாற்றும் உறவினரைக் கண்டு திரும்பும் வழியில், அத்தீவின் மேற்குக் கரையிலுள்ள சூப்ரியேர் என்னும் சிற்றூரில் ஏழு நாள் தங்கினோம். ஊருக்குத் தெற்கே கடலோரத்திலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கின்றன பித்தோன் சிகரங்கள் இரண்டும். 2004-இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் செல்வங்களுள் சேர்த்தது. எரிமலை மண்ணாதலால் கடற்கரை மணலும் சாம்பல் கலந்த கருமை நிறமே. படங்களில் காணும் வெண்மணலை எதிர்பார்த்து வருவோர் சற்றே முகம் சுளிக்கின்றனர்.

நாங்கள் தங்கிய விடுதி எட்டே அறைகள் கொண்டது. முதிய அம்மையார் ஒருவர், அவருடைய மகள், மருமகன், ஏவலுக்கு ஓர் இளைஞன்: பணியாளர் இவ்வளவே. நாங்கள் சென்றிறங்கிய மாலை வரவேற்பு மேசையில் எவரும் இல்லை. இளைஞன் மீன் வாங்கச் சென்றிருந்தான். அறையின் மின்விசிறி ஒரே வேகத்தில் மட்டும் சுழன்றது. இரண்டாம் நாள் பெருமழை. மூன்றாம் நாள் குழாயில் நீர் இல்லை! மழை பெய்தும் நீரில்லையா என்று வியந்தோம். பெருமழையில் ஆற்றுநீர் சேறாகிவிட்டால் வழங்கலை நிறுத்திவிடுவார்களாம். அதற்காகவே அங்கு வீடுதோறும் கறுப்பு நீர்த்தொட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் விடுதித் தொட்டியோ பாதிதான் நிரம்பியிருந்தது.

உணவில் மட்டும் குறை கூற இயலாது. உப்பிட்டு உலர்த்திய மீனுடன் வேகவைத்த வாழைக்காய் அந்நாட்டின் தேசிய உணவு. காலையில் பொரித்த ரொட்டியும், கொக்கோ உருளையைச் சீவிப் பட்டையும் சாதிக்காயும் இட்டுக் காய்ச்சிய 'கொக்கோ தேநீரும்' தருவார்கள். பெயர்தான் தேநீர், தேயிலை ஒரு துளியும் இல்லை.

பக்கத்து அறையில் தங்கியிருந்த வெளிநாட்டுத் தம்பதியர் நாளும் சினந்தனர். சமையலறை வாயிலில் நின்று, "துண்டு எங்கே?" என்று தொடங்குவார்கள். துண்டு வரும், ஆனால் மதியம்தான் வரும். அத்தீவில் கடையிலோ பேருந்திலோ நுழைபவர் முதலில் காலை வணக்கம் கூற வேண்டும்; கூறாமல் கேட்பது ஏவுவதாகவே கொள்ளப்படும். அடிமை முறை ஒழிந்து முழு விடுதலை கிடைத்தது 1838-இல். ஏவலின் தொனியை அம்மக்களின் செவி இன்றும் உடனே இனம் கண்டுகொள்கிறது என்றே எமக்குத் தோன்றிற்று. இதைச் சோம்பல் என்று கருதுவது அநீதி. ஐந்தாம் இரவு அதே தம்பதியரில் கணவர் காய்ச்சலில் நடுங்கியபோது, விடியும்வரை அவர் அருகிலிருந்து ஈரத்துணி மாற்றியவர் அந்த முதிய அம்மையாரே.

ஞாயிறன்று சமையலறை பூட்டியிருந்தது. வேகவைத்த முட்டையும் ரொட்டியும் வாழைப்பழமும் துணியால் மூடப்பட்டு மேசைமீது இருந்தன. குடும்பத்தார் அனைவரும் திருப்பலிக்குச் சென்றிருந்தனர். ஊர் நடுவிலுள்ள விண்ணேற்பு அன்னை ஆலயத்திற்கு நாங்களும் சென்றோம்.

அம்மையாரின் கணவர் வாழை பயிரிட்டவர். ஆங்கிலச் சந்தையில் அத்தீவுகளின் வாழைக்கு இருந்த சலுகைக்கு எதிராக 1997-இல் உலக வர்த்தக அமைப்பில் தீர்ப்பாயிற்று. சிறு விவசாயிகள் பலர் வாழையைக் கைவிட்டனர். இவர்கள் நிலத்தில் ஒரு பகுதியை விற்று இந்த எட்டு அறைகளைக் கட்டினர். கரையில் வேறிடங்களில் எழுந்துள்ள பெருவிடுதிகளிலோ விருந்தினர் கையில் பட்டை கட்டிக்கொண்டு மதிலுக்குள்ளேயே உண்டு உறங்கித் திரும்பலாம். ஊரைக் காணத் தேவையே இல்லை. துண்டு நேரத்திற்கு வரவேண்டும் என்போர்க்கு அவையே ஏற்றவை.

புறப்படும் நாளில் மகள் கையால் எழுதித் தந்த கட்டணச் சீட்டில், நீர் வராத நாளுக்குரிய தொகை, நாங்கள் கேளாமலே கழிக்கப்பட்டிருந்தது. மின்விசிறி மட்டும் கடைசிவரை ஒரே வேகத்தில்தான் சுழன்றது.