அரை ஷிப்ட் கூட்டம்

உங்கள் பிள்ளை படிக்கும் அரசுப் பள்ளியில் யார் பேச்சு செல்லும்? 'ஹெட்மாஸ்டர்' என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது. குழுவில் பாதி பெண்கள். பள்ளிக்கு வந்த பணம் எங்கே போச்சு என்று பார்ப்பதும், அடுத்து என்ன வேண்டும் என்று திட்டம் போடுவதும் அவர்கள் வேலை. தமிழ்நாட்டில் 2022-ல் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது தலைவர் நாற்காலியும் பெற்றோருக்குத்தான்.

பிரமாதம்! இப்போது திருமுருகன்பூண்டிக்கு வாருங்கள். ஒரு பக்கம் சிற்பக்கூடங்களில் உளிச் சத்தம், மறுபக்கம் பனியன் கம்பெனி. காலை எட்டரைக்கு உள்ளே போகிற அம்மா, ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார். கூட்டமோ வேலைநாள் மத்தியானம்.

செக்கிங்கில் இருக்கிற ஓர் அக்கா, குழு உறுப்பினர், சொன்னார்: "போனா அரை ஷிப்ட் போயிருமுங்க. போகாட்டி பாத்ரூம்ல தண்ணி வராதத யாருங்க சொல்றது?"

போகாவிட்டால் தீர்மானம் நின்றுவிடுமா என்ன? மினிட்ஸ் நோட்டு வீடு தேடி வரும். 'இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.' ஒடிசாவிலிருந்து வந்து பிள்ளையை இங்கே சேர்த்திருக்கிறவருக்கு அந்த நோட்டைப் படிக்கக்கூடத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சேருகிற கூட்டம் பள்ளிக்கூடத்தில் சேராதா? அக்காவிடமே கேட்டேன்.

"பத்து மணிக்கு வெச்சா வந்துருவேனுங்க. பதினொண்ணுக்கு விட்றோணும், துணி கெடக்குது."